அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் நான்கு சார்ஜர்: ஈ.பி. மனுவிலிருந்து எர்த் குழி வரை

மதுரையை அடுத்த நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் 24 வீடுகள் உள்ள அபார்ட்மென்டில் 22 கிலோவாட் ஏ.சி. சார்ஜர் நான்கு மாட்டிய வேலையின் விவரம் இது. சார்ஜரைச் சுவரில் மாட்டி வயர் கொடுக்க ஒரு பகல் போதும். நாள் பிடித்ததெல்லாம் லோடும் எர்த்தும்தான்.

முதலில் எந்த மீட்டர் என்பதை முடிவு செய்ய வேண்டும். வீட்டு மீட்டரில் கொடுத்தால், மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடும் கார் ஈ.பி.யின் இரண்டு மாதக் கணக்கில் சுமார் 250 யூனிட்டைக் கூட்டும். மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ் அடுக்குகளின் கட்டணமும் சேர்ந்து ஏறும். பொது மீட்டரில் கொடுத்தால் கார் இல்லாதவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள். அவர்கள் கேட்பதும் நியாயம்தான். மின்வாகனத்துக்குத் தனி இணைப்பு கேட்கும் உரிமையை 2024-ல் திருத்திய நுகர்வோர் உரிமை விதிகள் தருகின்றன. அதற்கென்று தனிக் கட்டண வகையும் உண்டு. எனவே சங்கத் தீர்மானத்தின் நகல், சொத்து ஆவணம், லைசென்ஸ் உள்ள கான்ட்ராக்டரின் வயரிங் சான்று ஆகியவற்றை வைத்து 25 கிலோவாட்டுக்கு மனு கொடுக்கப்பட்டது.

நான்கு 22-ம் சேர்ந்தால் 88 ஆயிற்றே, 25 எப்படிப் போதும்? நெக்ஸான் இ.வி. போன்ற கார் ஏ.சி.யில் 7.2 கிலோவாட்டுக்கு மேல் வாங்காது, அதுவும் ஒரே ஃபேஸிலிருந்து. மஹிந்திரா பி.இ. 6 போல 11.2 வரை வாங்கும் கார்களும் வந்துவிட்டதால் த்ரீ ஃபேஸ் சார்ஜரே மாட்டினோம். மெயினில் சி.டி. கிளாம்ப் (கம்பியைச் சுற்றி மாட்டி ஆம்பியரை அளப்பது) வைத்து, கார்களுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் லோடு மேனேஜ்மென்டில் ஒரு ஃபேஸுக்கு 35 ஆம்பியர் என்று வரம்பு வைத்தோம். சி.டி.யில் உள்ள அம்புக்குறி லோடு பக்கம் பார்க்க வேண்டும். திருப்பி மாட்டினால் ரீடிங் மைனஸில் வரும். மின்சாரம் வெளியே போகிறது என்று கன்ட்ரோலர் நினைத்து வரம்பையே விட்டுவிடும்.

இங்கே பலரும் கோட்டை விடுவது ஆர், ஒய், பி என்ற மூன்று ஃபேஸ்களின் வரிசையில். ஒரு ஃபேஸ் கார், சார்ஜரின் எல்1 என்ற முதல் ஃபேஸ் முனையை மட்டும்தான் தொடும். நான்கு சார்ஜரிலும் எல்1-க்கு ஆர் ஃபேஸையே கொடுத்துவிட்டால், மூன்று கார் நிற்கும் இரவில் ஆர் மேல் 96 ஆம்பியர் விழும். ஒய்யும் பி-யும் சும்மா கிடக்கும். வரம்பு வைக்காத இடமென்றால் நடுராத்திரி ஆர் ஃபியூஸ் போகும். வரம்பு இருந்தால் ஆளுக்கு 11 ஆம்பியர்தான் கிடைக்கும், விடிந்தாலும் பேட்டரி நிறையாது. அதனால் முதல் சார்ஜருக்கு ஆர்-ஒய்-பி, இரண்டாவதற்கு ஒய்-பி-ஆர், மூன்றாவதற்கு பி-ஆர்-ஒய் என்று சுழற்றினோம். நான்காவதற்கு மறுபடி ஆர்-ஒய்-பி. இதையே சாஃப்ட்வேரிலும், சார்ஜரும் கன்ட்ரோல் சாஃப்ட்வேரும் பேசிக்கொள்ளும் முறையான ஓ.சி.பி.பி.யில் கனெக்டர் ஃபேஸ் ரொட்டேஷன் என்ற இடத்தில் பதிய வேண்டும். ஆர் ஃபேஸில் இரண்டு கார் நின்றால் ஆளுக்கு 17 ஆம்பியர், ஏறக்குறைய 3.9 கிலோவாட். பத்து மணி நேரத்தில் 39 யூனிட் ஏறும், தாராளம். பங்கு 6 ஆம்பியருக்குக் கீழே போனால் மட்டும் சார்ஜிங் நின்று காத்திருக்கும்.

சார்ஜர் பேனலிலிருந்து கடைசிச் சார்ஜருக்கு 40 மீட்டர். 6 ஸ்கொயர் (சதுர மி.மீ.) செம்புக் கேபிளில் 32 ஆம்பியர் ஓடினால் 9 வோல்ட்டுக்கு மேல் விழும். 10 ஸ்கொயரில் 5.6 தான். எல்லாச் சார்ஜருக்கும் 10 ஸ்கொயர் ஐந்து கோர் ஆர்மர்டு. ஓவர்லோடில் விழும் எம்.சி.பி. 40 ஆம்பியர், நான்கு போல். 32 போட்டால் நம்மூர் சித்திரை வெயிலில் இரும்புப் பெட்டிக்குள் அது சூடேறி, பழுதே இல்லாமல் ட்ரிப் ஆகும். மின்கசிவில் விழும் ஆர்.சி.சி.பி. சார்ஜருக்கு ஒன்றாக, 30 மில்லி ஆம்பியர், டைப் ஏ. கடையில் சும்மா கேட்டால் டைப் ஏ.சி.யை எடுத்துக் கொடுப்பார்கள். முகப்பில் அலை வடிவம் மட்டும் இருந்தால் அது ஏ.சி.; அலைக்குக் கீழே அரை அலைக் குறியும் இருந்தால் ஏ. சார்ஜருக்குள் 6 மில்லி ஆம்பியர் டி.சி. கசிவைக் கண்டுபிடிக்கும் அமைப்பு இருக்கிறதா என்று டேட்டா ஷீட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் டைப் பி வாங்க வேண்டும், விலை பல மடங்கு.

எர்த்தில்தான் மலை குறுக்கே வந்தது. 3 மீட்டர் ராடு நாலடியிலேயே பாறையில் நின்றுவிட்டது. மிச்சத்தை அறுத்துவிட்டுக் கரியும் உப்பும் கொட்டி மூடலாம் என்பார்கள். உப்பு இரண்டு மழையில் கரைந்துவிடும், இரும்பையும் அரிக்கும். 4 அங்குலத் துளையை 11 அடிக்குப் போட்டு, ராடை இறக்கி, பென்டோனைட் களிமண்ணைக் குழைத்து ஊற்றினோம். ஒரு குழியில் எர்த்தின் தடை 7 ஓம். 6 மீட்டர் தள்ளி இன்னொன்று போட்டு ஜி.ஐ. பட்டையால் இணைத்ததும் 4-க்குக் கீழே வந்தது. திருமங்கலம் பக்கத்துக் கரிசலில் ராடு வெண்ணெயாக இறங்கும், ஆனால் கோடையில் மண் வெடித்து ராடை விட்டு விலகும். அங்கே குழிக்குத் தண்ணீர் ஊற்றுவதை மறக்கக் கூடாது. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே வோல்டேஜ் அதிகமாகக் காட்டினால் பல சார்ஜர்கள் சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு நிற்கும். சார்ஜர் கெட்டுவிட்டது என்று கம்பெனிக்குப் போன் போடும் முன் இதை அளந்து பாருங்கள்.

சார்ஜர் லைனை, ஈ.பி.யிலிருந்து ஜெனரேட்டருக்கு மாற்றும் சேஞ்ச்ஓவருக்கு முன்னாலேயே பிரித்துவிட்டோம். பின்னால் கொடுத்தால் கரண்ட் போனதும் லிஃப்ட்டுக்கு வைத்த ஜெனரேட்டர் கார்களையும் சேர்த்து இழுத்துத் திணறும். கீழ்த்தளத்தில் போன் சிக்னல் கிடையாது, சார்ஜர்களை நெட்வொர்க்கில் சேர்க்க லேன் கேபிள்தான். சி.டி.யின் சிக்னல் வயரைப் பவர் கேபிளோடு ஒரே பைப்பில் விடாதீர்கள்.

கடைசியாக முனைகள். 10 ஸ்கொயர் கம்பியைச் சீவி அப்படியே டெர்மினலில் திணிக்காமல், பின் லக் (கம்பி முனைக்குப் போடும் உலோக உறை) வைத்து அழுத்தித்தான் மாட்ட வேண்டும். ஒரு மாதம் கழித்து மெயினை ஆஃப் செய்துவிட்டு எல்லாத் திருகுகளையும் மறுபடி முறுக்கினோம். இரண்டாவது சார்ஜரின் நியூட்ரல் திருகு கால் சுற்றுக்கு மேல் உள்ளே போனது. நியூட்ரல் விட்டுப்போனால் ஒரு ஃபேஸ் 300 வோல்ட்டைத் தாண்டலாம், சார்ஜரின் போர்டு எரியலாம்.