பூச்சியமும் வெற்றிடமும்

பதிவேடுகளோடு நீண்ட காலம் வேலை பார்த்தவர்களிடம் ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டுவிடும். ஒரு கட்டத்தில் '0' என்று எழுதியிருப்பதையும், அந்தக் கட்டம் எழுதப்படாமலே கிடப்பதையும் அவர்கள் ஒன்றாகக் கொள்ளமாட்டார்கள். ஒருவர் அளந்து பார்த்தார், ஒன்றுமில்லை என்று கண்டார் என்பது முதலாவதன் பொருள். யாரும் பார்க்கவில்லை என்பதைத் தவிர இரண்டாவதற்கு வேறு பொருள் கிடையாது. பணிக்காலம் முழுவதையும் கோப்புகளைச் சரிபார்ப்பதிலேயே கழித்த நான், அமெரிக்காவின் அணு ஆயுதத் தொழிற்சாலைகளில் வேலை செய்து நோயுற்றவர்களுக்கான இழப்பீட்டுச் சட்டத்தைப் படிக்கத் தொடங்கியபோது, அந்தப் பழக்கத்தோடுதான் படித்தேன். 2000ஆம் ஆண்டு அக்டோபர் 30 அன்று அதிபர் பில் கிளின்டன் கையொப்பமிட்ட அந்தச் சட்டத்தில் பெரும் பகுதி, எழுதப்படாமல் விடப்பட்ட கட்டங்களை என்ன செய்வது என்பதைப் பற்றியதாகவே எனக்குத் தோன்றியது.

டென்னசி மாநிலத்தின் ஓக் ரிட்ஜில் யுரேனியத்தைச் செறிவூட்டினார்கள்; வாஷிங்டன் மாநிலத்தின் ஹான்ஃபோர்டில் புளூட்டோனியம் உற்பத்தி செய்தார்கள்; கொலராடோவில் டென்வர் நகருக்கு அருகிலிருந்த ராக்கி ஃபிளாட்ஸில் அந்தப் புளூட்டோனியத்தை வெடிகுண்டின் உட்கருவாகக் கடைந்தார்கள். நிலமும் மூலப்பொருளும் அரசினுடையவை. வேலை வாங்கியவை பெரும்பாலும் ஒப்பந்த நிறுவனங்கள். போர்க்காலத்தில் யுரேனியம் என்ற சொல்லைக்கூடச் சொல்லாமல் 'டியூபல்லாய்' என்ற மாற்றுப் பெயரால் குறித்தார்கள். கையில் தொடும் பொருளின் பெயரே மறைக்கப்பட்ட இடத்தில், அது உடலை என்ன செய்யும் என்பதைத் தொழிலாளருக்கு யார் சொல்லியிருப்பார்கள்? இரகசியம் காப்பதாக ஒப்பமிட்டவர்கள், பிற்காலத்தில் மருத்துவர் "என்ன வேலை பார்த்தீர்கள்?" என்று கேட்டபோதும் வாய் திறக்கத் தயங்கினார்கள்.

இதில் என்னைத் திடுக்கிட வைத்தது சட்டத்தின் முகப்பிலேயே நாடாளுமன்றம் பதிந்திருக்கும் ஒப்புதல்தான். தொழிலாளர்கள் தங்களுக்குத் தெரியாமலும் தங்கள் சம்மதமின்றியும் ஆபத்துக்கு உட்படுத்தப்பட்டார்கள் என்றும், அவப்பெயர் வரும், வழக்கு வரும், ஆபத்தான வேலைக்குக் கூடுதல் ஊதியம் கேட்பார்கள் என்ற அச்சமே அதற்குக் காரணம் என்று ஆவணங்கள் காட்டுகின்றன என்றும் அது கூறுகிறது. நோயுற்றவர்கள் இழப்பீடு கேட்டபோதெல்லாம் வழக்காடித் தடுப்பதே, ஆலைகளுக்குப் பொறுப்பான எரிசக்தித் துறையின் கொள்கையாக இருந்தது என்பதும் அதே பக்கத்தில் இருக்கிறது. ஒரு அரசு தன் குற்றத்தை இவ்வளவு நேரடியான சொற்களில் சட்டப் புத்தகத்தில் எழுதிவைப்பது அரிது.

அந்த ஒப்புதல் தானாக வரவில்லை. கென்டக்கி மாநிலத்தின் படூக்கா ஆலையில், அணு உலைகளில் ஒருமுறை பயன்பட்டு மீட்கப்பட்ட யுரேனியத்தையும் கையாண்டார்கள். அதில் புளூட்டோனியமும், அதைப் போலவே கதிர்வீச்சை வெளியிடும் நெப்டூனியமும் கலந்திருந்தன. தூசி படிந்த உடையோடு வீடு திரும்பிய தொழிலாளர்களுக்கு அது தெரியாது. 1999 ஆகஸ்ட்டில் 'வாஷிங்டன் போஸ்ட்' நாளிதழ் இதை வெளிக்கொணர்ந்த பிறகே அன்றைய எரிசக்தித் துறைச் செயலர் பில் ரிச்சர்ட்சன் வருத்தம் தெரிவித்தார். மறு ஆண்டே சட்டம் வந்தது.

பெரிலியத்தின் கதை வேறு வகை. நியூட்ரான்களைத் திருப்பி அனுப்புவதால் அணு ஆயுதங்களில் பயன்பட்ட இந்த இலேசான உலோகத்தின் தூசியைச் சுவாசித்தவர்களில் சிலருக்கு, உடலின் எதிர்ப்பாற்றலே நுரையீரலுக்கு எதிராகத் திரும்பி, ஆண்டுகள் கழித்து மூச்சுக்குத் திண்டாட வைக்கும். ஒரு கன மீட்டர் காற்றில் 2 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்று 1949இல், அன்று ஆலைகளுக்குப் பொறுப்பாயிருந்த அணுசக்தி ஆணையம் வரம்பு வகுத்தது. இருவர் ஒரு டாக்சியில் போகும்போது பேசி முடிவுசெய்த எண் என்பதால் அதற்கு 'டாக்சி வரம்பு' என்றே துறையில் பெயர் உண்டு. வேடிக்கையாகச் சொல்லப்படும் அந்தப் பெயரைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த எண் பல்லாயிரம் நுரையீரல்களுக்கு அரை நூற்றாண்டு காலம் காவலாக நின்றது. 1999இல் எரிசக்தித் துறை தன் தொழிற்சாலைகளில் 0.2 மைக்ரோகிராமை எட்டினாலே பாதுகாப்பு நடவடிக்கை வேண்டும் என்றது. பொதுவான தொழில் வரம்பு அந்த அளவுக்கு இறங்கியது 2017இல்தான்.

இழப்பீட்டின் கணக்கு மேலோட்டமாக எளியது. சட்டத்தின் 'பி' பிரிவின்கீழ், கதிர்வீச்சால் வந்த புற்றுநோய்க்கும் நாள்பட்ட பெரிலிய நோய்க்கும், அணுகுண்டுச் சோதனைக்காகச் சுரங்கம் தோண்டியவர்களுக்குச் சிலிக்கா என்ற பாறைத் தூசியால் வந்த சிலிக்கோசிஸ் என்ற நுரையீரல் நோய்க்கும் ஒரே தொகையாக 1,50,000 டாலரும், அந்த நோய்க்கான மருத்துவச் செலவும் உண்டு. பெரிலியத்தையும் சிலிக்காவையும் பொறுத்தவரை நோயே ஏறக்குறையச் சாட்சியாகிவிடும். புற்றுநோய் அப்படி அன்று. ஆலைக்குள் கால் வைக்காதவருக்கும் அது வருகிறது. ஆகவே, இந்தப் புற்றுநோய் இந்த வேலையால்தான் வந்தது என்பதற்கு ஐம்பது விழுக்காடாவது வாய்ப்பு இருக்கிறதா என்று கணக்கிட வேண்டியிருக்கிறது. அந்தக் கணக்குக்கு, அவர் உடல் எவ்வளவு கதிர்வீச்சை வாங்கியது என்பது தெரிய வேண்டும். அதற்குப் பதிவேடு வேண்டும். பதிவேட்டை வைத்திருந்ததோ, அவரை அந்த வேலையில் நிறுத்திய அதே நிர்வாகம்.

தேசியத் தொழில்சார் பாதுகாப்பு, நலவாழ்வு நிறுவனம் இந்தக் கணக்கைச் செய்கிறது. தொழிலாளர் சட்டையில் குத்திக்கொண்டிருந்த, கதிர்வீச்சைப் பதியும் பிலிம் பேட்ஜின் பழைய அளவீடுகள், சிறுநீர்ப் பரிசோதனைகள், அதே பிரிவில் வேலை செய்த மற்றவர்களின் பதிவுகள் ஆகியவற்றைக் கொண்டு, பல ஆண்டுகளுக்கு முன் ஒருவர் வாங்கிய கதிர்வீச்சை மறுபடி கட்டியெழுப்புகிறார்கள். இங்கேதான் என் பழைய தொழில் கண் விழித்துக்கொண்டது. பேட்ஜ் கண்டறியக்கூடிய மிகக் குறைந்த அளவுக்குக் கீழே கதிர்வீச்சு இருந்தால் ஏட்டில் '0' என்று எழுதினார்கள். அது உண்மையான பூச்சியம் அன்று. கருவியின் கண்ணுக்குத் தப்பிய ஏதோ ஓர் அளவு. வாரம் ஒரு பேட்ஜ் என்றால் ஆண்டுக்கு 52 பூச்சியங்கள், இருபது ஆண்டுப் பணிக்கு ஆயிரத்துக்கும் மேல். ஆகவே அத்தகைய ஒவ்வொரு பூச்சியத்துக்கும் கண்டறியும் வரம்பில் பாதியை வைத்துக் கூட்டுவது அவர்களின் வழக்கமான முறை. அதற்கு மேல், ஐம்பது விழுக்காடு என்ற தேர்வை நடுமதிப்பைக் கொண்டு நடத்தாமல், நிச்சயமின்மைகள் அனைத்தையும் கணக்கில் எடுத்து, 99 விழுக்காட்டு நம்பிக்கையின் மேல் எல்லையை, அதாவது கணக்கு தரக்கூடிய மதிப்புகளில் ஏறக்குறைய மிக உயர்ந்ததைக் கொண்டு நடத்துகிறார்கள். ஐயம் தொழிலாளருக்குச் சாதகமாக அமையட்டும் என்ற எண்ணம் இதில் தெரிகிறது. அப்படியிருந்தும் 49 வந்தவருக்கு ஒன்றுமில்லை, 50 வந்தவருக்கு முழுத் தொகை. பிரிட்டனின் அணுத் தொழில் 1982 முதல் நடத்தும் திட்டத்தில் வாய்ப்பு 20 விழுக்காட்டை எட்டினாலே ஒரு பங்கு தருகிறார்கள். இரண்டு முறைகளின் கணக்கும் வெவ்வேறு என்பதால் எண்ணோடு எண்ணை ஒப்பிட முடியாது என்றாலும், படிக்கட்டு வைத்த அந்த ஏற்பாடு எனக்குக் கூடுதல் நியாயமாகப் படுகிறது.

பூச்சியத்துக்கு வழி கண்டாயிற்று, வெற்றிடத்துக்கு? அளவீடே இல்லாத இடங்களுக்காகச் சட்டத்தில் தனிக்கூட்டம் என்ற ஏற்பாடு உண்டு. ஓக் ரிட்ஜ், படூக்கா, ஒஹாயோவின் போர்ட்ஸ்மவுத் ஆகிய இடங்களில் வாயுப் பரவல் முறையில் யுரேனியத்தைச் செறிவூட்டிய மூன்று ஆலைகளின் தொழிலாளர்களையும், அலாஸ்காவின் ஆம்சிட்கா தீவில் நிலத்தடிச் சோதனைகளின்போது வேலை செய்தவர்களையும் சட்டமே அதில் சேர்த்தது. அளவைக் கணக்கிட முடியாது என்று மெய்ப்பிக்கப்பட்ட வேறு பல ஆலைகள் பிறகு மனுச் செய்து சேர்ந்தன. பொதுவாக 250 நாட்கள் வேலை செய்து, பட்டியலில் உள்ள 22 வகைப் புற்றுநோய்களில் ஒன்று வந்திருந்தால் போதும், கணக்கே வேண்டாம். ஏட்டை எழுதாமல் விட்டது உன் தவறு, அதன் சுமை அவருக்கில்லை என்று அரசு தனக்குத்தானே தீர்ப்பளித்துக்கொள்ளும் இந்த இடம்தான் முழுச் சட்டத்திலும் எனக்குப் பிடித்தது.

ஆனால் அதன் நிழலிலேயே ஒரு பொறி இருக்கிறது. சுக்கிலச் சுரப்பிப் (புராஸ்டேட்) புற்றுநோய் அந்த 22இல் இல்லை. தோல் புற்றுநோயும் இல்லை. ஒரே கொட்டகையில் ஒரே தூசியைச் சுவாசித்த இருவரில் ஒருவருக்கு நுரையீரலில் வந்தால், ஏடு இல்லாததால் அவருக்குத் தொகை கிடைக்கும். மற்றவருக்குச் சுக்கிலச் சுரப்பியில் வந்தால், கணக்கிடக்கூடிய சிறு பகுதியை மட்டும் வைத்துக் கணக்கிட்டு, ஐம்பதை எட்டவில்லை என்று மறுப்புக் கடிதம் வரக்கூடும். ஒருவரைக் காத்த அதே வெற்றிடம் மற்றவரைக் கைவிடுகிறது.

கரைப்பான்கள், அமிலங்கள், பாதரசம் போன்ற நச்சுப்பொருள்களால் வந்த நோய்களை முதலில் எரிசக்தித் துறையிடமே ஒப்படைத்திருந்தார்கள். வேலை நகரவில்லை, 2004இல் நாடாளுமன்றம் அந்தப் பகுதியையே நீக்கிவிட்டு 'ஈ' பிரிவைக் கொண்டுவந்து தொழிலாளர் துறையிடம் தந்தது. உடற்குறைபாட்டின் ஒவ்வொரு விழுக்காட்டுக்கும் 2,500 டாலர், இழந்த ஊதியத்துக்குத் தனியே, ஆக மொத்தம் 2,50,000 டாலர் வரை. இந்தப் பிரிவில் இறந்தவரின் துணைக்கு உரிமை உண்டு. துணையும் இல்லையென்றால் பிள்ளைகளுக்கு உண்டு. ஆனால் பெற்றோர் இறந்த நாளில் அவர்கள் 18 வயதுக்குட்பட்டவர்களாகவோ, 23 வயதுக்குட்பட்ட முழுநேர மாணவர்களாகவோ, தம்மைத் தாமே தாங்க இயலாதவர்களாகவோ இருந்திருக்க வேண்டும். 'பி' பிரிவில் இத்தகைய வயது வரம்பு இல்லை. இருபது, முப்பது ஆண்டுகள் உடலுக்குள் ஒளிந்திருந்து வெளிப்படும் நோய்களுக்கான சட்டத்தில் இந்த வரம்பை எழுதியவர்கள், நோய் தலைகாட்டும்போது பிள்ளைகளுக்கு என்ன வயதாகியிருக்கும் என்று ஒருமுறை கூட்டிப் பார்த்திருக்கலாம். தந்தையின் கடைசி ஆண்டுகளில் ஆக்சிஜன் உருளையைச் சுமந்துகொண்டு மருத்துவமனைக்கு அலைந்த நாற்பது வயது மகள் இந்தப் பிரிவின் கண்ணில் வாரிசு அல்லள்.