43-ஆம் எண்

ஏப்ரல் 7, 2025
இன்று ஓக்லாந்தில் விசாரணை. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு வழக்கின் சமரசத்துக்கு நீதிபதி ஒப்புதல் தந்தால், அமெரிக்கக் கால்பந்து அணி ஒவ்வொன்றிலும் 105 பேருக்கு மேல் இருக்க முடியாது. வேலை ஓடவில்லை.

ஏப்ரல் 8
அண்ணன் மகன் இரவில் அழைத்தான். "105 பேருக்குள் நான் வருவேனா, சித்தப்பா?" இதுவரை உதவித்தொகைக்குத்தான் வரம்பு, 85 பேர். அதற்கு மேல் எங்களைப் போலச் சொந்தக் காசில் படித்து ஆடும் வாக்-ஆன் பையன்களையும் சேர்த்துக்கொள்வார்கள். இனி தலைகளையே எண்ணப் போகிறார்கள். "தூங்கு, காலையில் ஓட வேண்டும்" என்றேன். வேறு என்ன சொல்வது?

ஏப்ரல் 12
மழை. முழங்கால் பிடித்துக்கொண்டது.

மழை என்றாலே அந்த அட்டைதான் நினைவுக்கு வருகிறது. 2010. நாங்கள் ஸ்கவுட் டீம். வாரம் முழுவதும், அடுத்து வரப்போகும் எதிரணியாக ஆடிக் காட்ட வேண்டும். துணைப் பயிற்சியாளர் அட்டையைத் தூக்கிப் பிடிப்பார். தடித்த மார்க்கரில் வட்டங்கள், அம்புகள். பிளாஸ்டிக் உறையின் மேல் ஒரு துளி உருண்டு வந்து அம்பின் நுனியில் நிற்கும். என் வட்டம் எது என்று கண்டுபிடிப்பதற்குள் அட்டை இறங்கிவிடும். அடுத்த நொடி, என்னைவிட நாற்பது கிலோ கூடுதலான ஒருவன் மேல் போய் மோத வேண்டும். சனிக்கிழமை அவன் அதே நகர்வை முளையிலேயே மடக்கினால் அரங்கமே எழுந்து கத்தும். புதன்கிழமை அதை அவனுக்குக் காட்டியவன் நான். எனக்கு அது போதுமானதாக இருந்தது. உண்மையாகவே போதுமானதாக இருந்தது.

ஏப்ரல் 19
43 என்னுடைய எண் மட்டுமல்ல. இருவர் ஒரே நேரத்தில் களத்தில் இல்லாதவரை ஒரே எண்ணை அணியலாம். அம்மா ஒரு முழு ஆட்டமும் இன்னொரு 43-ஐயே பார்த்துக் கைதட்டிக்கொண்டிருந்தார். ஆட்டம் முடிந்ததும் என் கன்னத்தைத் தடவி, "எவ்வளவு நன்றாக ஓடினாய்!" என்றார். நான் திருத்தவில்லை. அம்மா போய் ஆறு வருடம் ஆகிறது.

ஏப்ரல் 23
நீதிபதி வில்கன் சமரசத்துக்கு ஒப்புதல் தரவில்லை. இப்போது ஆடுபவர்கள் இடம் இழக்கக் கூடாது என்கிறார். அண்ணி போனில் அழுதார். நானும்தான்.

ஏப்ரல் 24
ஆனால் அவனை மார்ச்சிலேயே லாக்கரைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்களாம். யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறான்.

மே 3
சாப்பாடு. எங்கள் காலத்தில் அணியின் உணவறையில் வாக்-ஆன்களுக்கு இலவசத் தட்டு கிடையாது. 2014-இல்தான் விதி மாறியது. பயிற்சி முடிந்து அதே வாசலைக் கடந்து, வறுத்த கோழியின் வாசனையோடு விடுதிக்கு நடப்பேன். அவனாவது வயிறாரச் சாப்பிட்டான்.

மே 20
எல்லோரும் பேக்கர் மேஃபீல்டையே சொல்கிறார்கள்: உதவித்தொகை இல்லாமல் நுழைந்தவர், 2017-இல் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருது. நல்லது. அவருடைய பயிற்சி நாட்களில் எதிரே நின்ற பையன்களின் பெயர் யாருக்குத் தெரியும்?

ஜூன் 6
சமரசத்துக்கு ஒப்புதல் வந்துவிட்டது. நீக்கப்பட்டவர்களை 105-இல் எண்ணாமல் திரும்பச் சேர்க்கலாம்.

சேர்க்கலாம். சேர்க்க வேண்டும் என்று இல்லை. இரவு முழுவதும் அந்த ஒரு சொல்.

ஜூன் 9
அழைப்பு இல்லை. விடியற்காலையில் அவனோடு மைதானத்துக்குப் போனேன். பத்து முறை நாற்பது கஜம் ஓடினான். நேரத்தை எழுதிக்கொண்டேன். நாளையும் ஐந்தரைக்கு.