பெரியசாமிக்கு ஒரு போர்க்கப்பல்

பிறக்கப்போகும் குழந்தைக்காக வீட்டில் நடக்கும் பெயர்ச் சண்டையில் இப்போது நெதர்லாந்துக் கடற்படையும் இறங்கிவிட்டது.

அப்பாவின் கோரிக்கை தெரிந்ததுதான். பேரன் பிறந்தால் பெரியசாமி. என் மனைவி இவளோ இரண்டெழுத்தைத் தாண்டினால் இங்கே நெதர்லாந்துப் பள்ளிக்கூடத்தில் ஒருவர் வாயிலும் நுழையாது என்கிறாள். கொஞ்சம் மாறுதலாக இருக்கட்டுமே என்று எல்லோரும் டென் ஹெல்டர் கடற்படை அருங்காட்சியகத்துக்குப் போனோம். அங்கேதான் அப்பாவுக்கு ஆயுதம் கிடைத்தது.

யான் வான் ஸ்பெய்க். 1831-ல், பெல்ஜியம் நெதர்லாந்திலிருந்து பிரிந்துபோன சண்டையில், ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் பெல்ஜியக்காரர்கள் அவருடைய பீரங்கிப் படகில் ஏறியபோது, சரணடைய மனமில்லாமல் வெடிமருந்துக்குத் தீ வைத்துவிட்டார். தானும் போய், கூட இருந்தவர்களையும் கூட்டிக்கொண்டு போனார். கடற்படையில் அவர் பெயரில் எப்போதும் ஒரு கப்பல் இருக்க வேண்டும் என்று ராஜா ஆணையே போட்டார். இன்றைக்கும் ஒன்று இருக்கிறது.

"கேட்டியாம்மா? ராஜாவே ஆணை போட்டிருக்கான்!"

"இருக்கட்டும் மாமா. கூட இருந்தவங்ககிட்ட அவர் ஒரு வார்த்தை கேட்டாரா?"

அப்பா அசரவில்லை. அட்மிரல் காரல் டோர்மனைப் பிடித்துக்கொண்டார். 1942-ல் ஜாவாக் கடல் போரில் கப்பலோடு மூழ்கியவர். அவர் பெயர் இரண்டு விமானந்தாங்கிக் கப்பல்களுக்குப் போய், அப்புறம் பிரிகேட் என்கிற நடுத்தரப் போர்க்கப்பல் ஒன்றுக்கு வந்து, இப்போது ஒரு பெரிய ஆதரவுக் கப்பலில் இருக்கிறது. அவரோடு மூழ்கிய கப்பலின் பெயர் டெ ரூய்டர். அதுவும் 17-ஆம் நூற்றாண்டு அட்மிரல் ஒருவருடையது. அந்தப் பெயரையும் இவர்கள் விடவில்லை, மறுபடி வைத்தார்கள். எங்கள் அத்தையாக இருந்தால் 'மூழ்கின பேரா?' என்று மூன்று ஜோசியரைப் பார்த்திருப்பார்.

இவள் அதற்குள் போனில் எதையோ தேடி எடுத்துவிட்டாள். அந்த டோர்மன் பிரிகேட்டைக் கடைசியில் விற்றார்களாம், அதுவும் பெல்ஜியத்துக்கே. 2007-ல் கப்பல் கைக்கு வந்ததும் அவர்கள் தங்கள் முதல் ராஜா லியோபோல்டின் பெயரைச் சூட்டிவிட்டார்கள்.

"கப்பல் யார்கிட்ட இருக்கோ அவங்கதான் மாமா பேர் வைப்பாங்க" என்று வயிற்றைத் தடவிக்கொண்டாள்.

வெளியே ஆபிரகாம் கிரெய்ன்சன் நிற்கிறது. 1942-ல் ஜப்பானியர் கண்ணில் படாமலிருக்க மரக்கிளைகளைப் போர்த்திக்கொண்டு, பகலில் கரையோரம் தீவு மாதிரி அசையாமல் நின்று, இரவில் மட்டும் ஓடி ஆஸ்திரேலியா போய்ச் சேர்ந்த கப்பல். இரண்டு பேருக்கும் நடுவில் நானும் அப்படித்தான் நின்றுகொண்டிருந்தேன்.

நேற்று திருச்சியிலிருந்து மாமனார் போன். அவருடைய அப்பா பெயர் ஏகாம்பரநாதனாம்.