ஒற்றைக் கண்ணுக்கு நன்றி சொல்லத் திருகோணமலைக்கு

திருகோணமலை பாலையூற்று லூர்து மாதாவிடம் அம்மா வைத்திருந்த நேர்த்தி பழையது. குளுக்கோமா என்று டொக்டர் சொன்ன அன்றே வைத்தது. "உள்ள பார்வையாவது நிலைக்க வேணும் தாயே, நானே வந்து மெழுகுதிரி கொளுத்துறன்" என்று. அந்த நோயில் போன பார்வை திரும்பி வராது. மருந்தும் சிகிச்சையும் மிச்சத்தைக் காப்பாற்றத்தான். கண்டுபிடிப்பதற்குள் இடது கண் போய்விட்டது. வலது கண் நின்றது. முதலில் கொரோனா, பிறகு 2022இன் பெற்றோல் வரிசை என்று தள்ளித் தள்ளிப் போன பயணத்துக்கு ஒருவழியாக ஆசனம் பதிந்தோம். வீட்டை விட்டு இறங்க முதல் அம்மா கண்டிப்பாகச் சொன்னார்: "மாதாட்ட இந்தமுறை ஒருத்தரும் ஒண்டும் கேக்கக் கூடாது. நன்றி மட்டும்தான்."

கொழும்பு கோட்டையிலிருந்து இரவு ரயில். அம்மா கண்ணுக்கு மருந்து விடுகிற நேரம் ரயிலுக்குள்தான் வந்தது. தலையைப் பின்னால் சாய்த்து, கீழ் இமையை விரலால் மெல்ல இழுத்து, ஒரே ஒரு துளி. பிறகு கண்ணை மூடி, மூக்கோரமாக உள்ள கண்முனையை விரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும். மருந்து தொண்டைக்கு இறங்கிவிடாமல் கண்ணிலேயே நிற்க அதுதான் வழி என்று கிளினிக்கில் தாதி ஒருவர் பொறுமையாகச் செய்து காட்டியிருந்தார். ஒன்றிரண்டு நிமிடம் அப்படியே இருக்க வேண்டும். அம்மா மணிக்கூடு பார்ப்பதில்லை. அந்த நேரத்துக்கு யார் யாருக்கு நன்றி சொல்வது என்று ஒரு வரிசை வைத்திருக்கிறார்.

முதலில் அந்தத் தாதி. பிறகு, 2022இல் நாடு முழுக்க மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது கடைசிப் போத்தலை எங்களுக்கென்று எடுத்து வைத்த மருந்துக்கடைப் பெடியன். சென்னையிலிருந்து வந்தபோது பையில் இரண்டு போத்தல் கொண்டுவந்து தந்த தூரத்து உறவு. கிளினிக் வரிசையில் தன் கதிரையை விட்டுக்கொடுத்த யாரோ ஒரு கிழவர். பெயர் தெரியாதவர்களுக்கு அம்மா அடையாளம் சொல்லுவார்: "அந்தச் சாரம் கட்டின ஐயா." கடவுளுக்கு ஆளைத் தெரியும்தானே.

அன்றைக்கு ரயில் போட்ட ஆட்டத்தில் துளி கன்னத்தில் விழுந்தது. எதிர் ஆசனத்தில் இருந்த சிங்களப் பெண் தன் போன் டோர்ச்சைப் பிடித்து, மற்றக் கையால் அம்மாவின் தோளை அசையாமல் தாங்கிக்கொண்டார். அடுத்த துளி சரியாக விழுந்தது. அம்மா கண்ணை மூடி விரலை வைத்ததும் உதடு அசையத் தொடங்கியது. வரிசையின் கடைசியில் அந்தப் பெண் அப்போதே சேர்ந்திருப்பார். அவர் கல் ஓயாச் சந்திக்கு முன்னாலேயே தூங்கிப்போனார்.

விடியும்போது தம்பலகாமத்து வயல். சீனக்குடா தாண்டியதும் அம்மா எழும்பிச் சேலையைச் சரிசெய்துகொண்டார்.

பெரியம்மாவின் வீடு டச்சுக்குடாப் பக்கம். தேத்தண்ணி குடித்த கையோடு மூவரும் காலைப் பூசைக்கு மரியாள் பேராலயத்துக்கு நடந்தோம். 1852இல் கட்டிய கோயில், முகப்பு வானநீலம். திருகோணமலை மறைமாவட்டம் 1893இல் உருவானது. மட்டக்களப்பு 2012இல் தனியாகப் பிரியும்வரை கிழக்கு மாகாணம் முழுவதற்கும் இதுதான் ஆயர் கோயிலாக இருந்தது. அந்தச் சரித்திரம் எல்லாம் பெரியம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். எனக்கு அன்று மனதில் நின்றது வேறு. நற்கருணை மன்றாட்டில் பாதர் அப்பத்தைக் கையில் எடுத்து, ஆண்டவர் காட்டிக்கொடுக்கப்படவிருந்த அந்த இரவில் நன்றி செலுத்தினார் என்று வாசிக்கிறாரே, எத்தனையோ முறை கேட்ட அந்த இடம். தன்னை விற்றவன் அதே பந்தியில் இருக்கிறான், இன்னும் சில மணித்தியாலத்தில் கெத்சமனி. ஆபத்தெல்லாம் நீங்கிய பிறகு சொன்ன நன்றியில்லை அது. அவருக்கு எதுவும் நீங்கவில்லை.

பூசை முடிந்து கடற்கரையில் உட்கார்ந்தோம். எதிரே பிரெடெரிக் கோட்டையும் கோணேசர் மலையும். மான் ஒன்று நாய்களைக் கொஞ்சமும் சட்டை பண்ணாமல் மணலில் நடந்துபோனது. அங்கே வைத்துத்தான் பெரியம்மா சுனாமியைப் பற்றிப் பேசினார். தானாகப் பேசுகிற ஆளில்லை. அம்மா ரயிலில் சொன்ன நன்றி வரிசையைக் கேட்டதும் வாய் திறந்தார்.

2004 மார்கழி 26, ஞாயிற்றுக்கிழமை. அப்போது அவர்கள் திருக்கடலூரில் கடலோரமாக இருந்தார்கள். வீட்டில் எல்லாரும் பூசைக்குப் போயிருந்தார்கள். திரும்பி வந்தபோது வீடு இல்லை. பக்கத்து வீட்டில் இரண்டு பிள்ளைகள் இல்லை.

"அதுக்குப் பிறகு எத்தினை பேர் எத்தினை கூட்டத்தில கேட்டவை தெரியுமே? பூசைக்குப் போனபடியாத்தான் கடவுள் காப்பாத்தினார் எண்டு சாட்சி சொல்லுங்கோ அக்கா எண்டு. நான் ஒருநாளும் சொல்லேல்லை. அந்தத் தாய் கேட்டுக்கொண்டிருப்பாளே பிள்ளை. அப்ப அவளின்ர பிள்ளையளைக் கடவுள் வேண்டாமெண்டு விட்டவரோ?"

கொஞ்ச நேரம் அலையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அவர் சொன்னது இது: அன்றிரவு பள்ளிக்கூட முகாமில், கந்தளாய்ப் பக்கமிருந்து லொறி ஒன்று வந்தது. சோற்றுப் பார்சல். பருப்பும் உருளைக்கிழங்கும், அவ்வளவுதான். சமைத்தவர் சிங்களவரோ முஸ்லிமோ தமிழரோ இன்றுவரை தெரியாது. ஆளுக்கொன்று போதாமல் இரண்டு பேருக்கு ஒன்றாகக் கொடுத்தார்கள். பெரியம்மாவும் அந்தத் தாயும் ஒரு பார்சலைப் பிரித்தார்கள். அவள் சாப்பிட மாட்டேன் என்றாள். பெரியம்மா பிசைந்து வாயில் வைத்தார். மூன்று வாய் சாப்பிட்டாள்.

"அந்தச் சோத்துக்கு ஒவ்வொரு நாளும் நன்றி சொல்லுறன். அதை அவளுக்கு முன்னாலயும் சொல்லலாம். அவளும் சொல்லுறவள்."

நான் பல செபக்கூட்டங்களில் சாட்சி கேட்டிருக்கிறேன். விபத்தில் எல்லாரும் செத்தார்கள், எனக்கு மட்டும் கீறல்கூட இல்லை, அல்லேலூயா என்பார்கள். அப்போதெல்லாம் உள்ளே ஏதோ உறுத்தும். அதற்கு என்ன பெயர் வைப்பதென்று எனக்குத் தெரியாமல் இருந்தது. பெரியம்மாவிடம் அளவுகோல் இருந்தது: கிடைக்காதவர் பக்கத்தில் இருக்கும்போது வாய்விட்டுச் சொல்லக்கூடிய நன்றிதான் நன்றி. சோறு, தண்ணீர், தோளைத் தாங்கிய கை, எடுத்து வைத்த மருந்துப் போத்தல். அன்றாடத்தில் உள்ள ஆசீர்வாதங்களை எண்ணினால் பெரும்பாலானவை இப்படிப் பங்கிடக்கூடியவையாகத்தான் இருக்கின்றன. இதை நான் முழுமனதாக நம்புகிறேன்.

வெயில் தாழ்ந்த பிறகு ஓட்டோ பிடித்துப் பாலையூற்றுக்குப் போனோம். நகரிலிருந்து கொஞ்சம் தள்ளி, சத்தம் குறைந்த இடம். திருவிழாக் காலமில்லை என்பதால் கூட்டமில்லை. நெற்றியில் திருநீறோடு ஒரு தம்பதி கைக்குழந்தையை மாதாவுக்குக் காட்டிக்கொண்டு நின்றார்கள். அம்மா திரியைக் கொளுத்தினார். வலது பக்கம் மட்டுமே தெரிவதால் தலையைச் சற்று இடதுபக்கம் திருப்பி, சுவாலை திரியைப் பிடித்துக்கொண்டதா என்று பார்த்துக்கொண்டார். பிறகு முழங்காலில் நின்றார். நெடுநேரம்.

எனக்குக் கேட்க நிறைய இருந்தது. மகனுக்கு ஏ.எல். பரீட்சை, வீட்டுக் கடன், அம்மாவின் சீனி வருத்தம். நாக்கு நுனிவரை வந்ததை அடக்குவதற்காக, பிரான்சின் லூர்தில் மாதாவைக் கண்ட பெர்னதெத்தை நினைத்தேன். 1858இல் பதினான்கு வயதுப் பிள்ளை. பழைய சிறைக்கூடம் ஒன்றில் ஒரே அறையில் குடியிருந்த வறிய குடும்பம். மாதா பதினெட்டு முறை காட்சி கொடுத்தார் என்பது எல்லாருக்கும் தெரியும். மாசி 25ஆம் நாள் மாதா காட்டிய இடத்தைக் கையால் தோண்டி, சேற்றுத் தண்ணீரை அள்ளிக் குடித்து முகத்தில் பூசிக்கொண்டாள். சுற்றி நின்றவர்கள் பைத்தியம் என்றார்கள். அந்தச் சேறு தெளிந்து ஊற்றாகி, இன்றைக்கும் உலகமெங்குமிருந்து நோயாளிகள் அங்கே போகிறார்கள். பெர்னதெத்துக்கோ ஆஸ்துமா தீரவில்லை. பிறகு முழங்காலிலும் காசநோய். நெவேர் கன்னியர் மடத்தில் 1879இல், 35 வயதில் இறந்தார். தான் தோண்டிய ஊற்று தனக்குச் சுகம் தரவில்லை என்று அவர் மாதாவோடு கோபித்துக்கொள்ளவில்லை. மற்றவர்கள் குடித்துச் சுகமாகட்டும் என்று விட்டுவிட்டார்.

ஓட்டோவில் திரும்பும்போது அம்மாவிடம் மெல்லக் கேட்டேன். "இடது கண்ணைப் பற்றி ஏதும் சொன்னீங்களோ?"

"சொன்னனான். இரவு செபத்தில உனக்கும் சொல்லுறன்."

இரவு பெரியம்மா வீட்டில் பிட்டும் சூடைமீன் குழம்பும். அதற்கு முன் குடும்ப செபம். செபமாலை முடிந்ததும் அவர்கள் வீட்டு வழக்கம் ஒன்று உண்டு. 136ஆம் திருப்பாடல் வாசிப்பார்கள். 26 வசனம், ஒவ்வொன்றுக்கும் பதிலாக எல்லாரும் சேர்ந்து "என்றும் உள்ளது அவரது பேரன்பு". சூரியனைப் படைத்தவர், செங்கடலை இரண்டாகப் பிரித்தவர், பேரரசர்களை வீழ்த்தியவர் என்று உயர உயரப் போய், முடியப்போகிற நேரத்தில் எல்லா உயிர்க்கும் உணவூட்டுகிறவர் என்று அடுப்படிக்கு வந்து நிற்கிறது அந்தப் பாடல். கடல் பிளந்ததற்கும் ஒரு பிடி சோற்றுக்கும் அதே பதில்தான், குரலும் கூடுவதில்லை, குறைவதில்லை. அதை வாசித்த பிறகு ஒவ்வொருவரும் தங்கள் வசனம் ஒன்றைச் சேர்க்க வேண்டும்.

மருமகள், முதல்நாள் காஸ் முடிந்தபோது பக்கத்து வீட்டு அக்கா சிலிண்டர் தந்ததைச் சொன்னாள். என்றும் உள்ளது அவரது பேரன்பு. பெரியப்பா, தன்னைப் படிப்பித்த அமெரிக்க இயேசு சபைப் பாதர்மாரை, அவர்கள் தமிழ் பேசின விதத்தை. என்றும் உள்ளது அவரது பேரன்பு. நான் டோர்ச் பிடித்த பெண்ணைச் சொன்னேன். அம்மா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"என்ர இடது கண் கண்ட எல்லாத்துக்கும். அம்மாவின்ர முகம், பிள்ளையள் பிறந்த நேரம், அவரோட மடு மாதாட்டப் போன பாதை."

எல்லாரும் பதில் சொன்னோம்.

அடுத்தது பெரியம்மாவின் பேரன். நாளைக்குக் காலையில் மாமி, அதாவது நான், தன்னைக் கன்னியாவுக்குக் கூட்டிக்கொண்டு போய் ஏழு வெந்நீர்க் கிணற்றிலும் குளிக்க விடப்போவதற்காக நன்றி என்றான். நான் அப்படி ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. பதில் சொல்லியாகிவிட்டது, அடுத்த நாள் விடிய எல்லாருமாகக் கன்னியாவுக்குப் போனோம்.