செரிகாட்டாவாகத்தான் இருக்கும்

தவறு நான் சொன்ன விதத்தில் இருந்ததா, அவர் எழுதிக்கொண்ட விதத்தில் இருந்ததா என்பதை இன்னும் என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. களத்திலிருந்து ஓர் ஈயின் மூன்று படங்களை அனுப்பிய இளைய பணியாளர் உடனே கைபேசியில் அழைத்து, "செம்பு நிறம் தெரிகிறதே சார், குப்ரினாவா?" என்று கேட்டார். "நிறத்தை நம்பாதீர்கள். செரிகாட்டாவாகத்தான் இருக்கும்" என்றேன். செரிகாட்டாவும் குப்ரினாவும் லூசிலியா என்ற ஈப் பேரினத்தின் இரண்டு இனங்கள், பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். பேச்சு ஒரு நிமிடம்கூட நீளவில்லை. பதிவேட்டில் லூசிலியா செரிகாட்டா என்று பெயர் ஏறிவிட்டது. ஈயோ அவர் வலையை எடுப்பதற்கு முன்பே பறந்துவிட்டிருந்தது.

'தான்' என்பது உறுதி. 'இருக்கும்' என்பது ஊகம். நான் 'இருக்கும்' என்பதில் என் ஐயத்தை வைத்தேன், அவர் 'தான்' என்பதை மட்டும் காதில் வாங்கிக்கொண்டார் என்று பல நாட்கள் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அன்றைய என் குரலை நினைவுபடுத்திப் பார்த்தால், அதில் ஐயம் இருந்ததாகத் தோன்றவில்லை.

பாதி வழி வரை நான் சரியாகவே வந்திருந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டாவது படத்தில் இறகின் அடியிலுள்ள பேசிகோஸ்டா என்னும் சிறு செதில் மஞ்சளாகத் தெளிவாகத் தெரிந்தது. அது கறுப்பாக உள்ள சீசர், இல்லுஸ்ட்ரிஸ் என்னும் மற்ற இரண்டு லூசிலியா இனங்களையும் அதைக் கொண்டே விலக்கிவிடலாம். மார்பின் முதுகுப்புறத்தில், குறுக்குக் கோட்டுக்குப் பின்னால், நடு வரிசையில் மூன்று இணை முட்கள் இருந்தன. ஆக, அது செரிகாட்டா அல்லது குப்ரினா. அந்த 'அல்லது' என்ற சொல்லோடு நிறுத்தியிருந்தால் இதை எழுத வேண்டிய தேவையே வந்திராது.

அந்த இரண்டையும் பிரிப்பதற்கு நம்பகமான இடம் தலையின் பின்புறம். உச்சியின் உள் முள்ளுக்குக் கீழே செரிகாட்டாவில் பொதுவாக 6 முதல் 8 சிறு முட்கள் இருக்கும். குப்ரினாவில் 1 மட்டுமே. நுண்ணோக்கியின் கீழ் ஊசியில் குத்திய ஈயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தால்தான் அந்த எண்ணிக்கை பிடிபடும். உயிருள்ள ஈ தலையை மார்போடு ஒட்டி வைத்துக்கொண்டு இலைமேல் உட்கார்ந்திருக்கும்போது எடுத்த படத்தில் அது தெரிய வழியில்லை. மீதமிருப்பது முன்னங்காலின் தொடை: குப்ரினாவில் அது உலோகப் பச்சையாக மின்னும், செரிகாட்டாவில் கறுப்பாகவோ கருநீலமாகவோ இருக்கும்.

மூன்றாவது படத்தில் அந்தத் தொடையில் பச்சை இருந்தது. அதை நான் அன்றே பார்த்தேன். இலையின் நிறம் பளபளப்பான கறுப்பில் பட்டுத் திரும்புகிறது என்று ஒதுக்கிவிட்டேன். சில மாதங்கள் கழித்து அதே படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, இலைக்கு இன்னும் நெருக்கமாக இருந்த நடுக்காலின் தொடையில் பச்சையின் சாயலே இல்லை. இலைதான் காரணம் என்றால் அதில் அல்லவா முதலில் தெரிந்திருக்க வேண்டும்? நடுக்கால் சாய்ந்திருந்த கோணம் வேறு, ஒளி விழுந்த பக்கம் வேறு என்றும் வாதிடலாம். இரண்டு பக்கமும் நானே வாதாடிப் பார்த்துவிட்டேன்.

பச்சையை ஒதுக்கத் தூண்டியது இலை அல்ல, அவருடைய கேள்வி என்றே இப்போது நினைக்கிறேன். குப்ரினா என்ற லத்தீன் பெயரிலேயே செம்பு இருப்பதால், செம்புச் சாயல் கண்ட இடமெல்லாம் குப்ரினா என்று எழுதுவது புதிதாக வருபவர்கள் எல்லோரும் செய்யும் பிழை. செரிகாட்டாவும் வயது ஏற ஏறச் செம்பு நிறம் கொள்ளும். அந்தப் பிழையைத் திருத்தும் அவசரத்தில், நிறம் குப்ரினாவுக்குச் சான்றாகாது என்பதை, ஆகவே அது குப்ரினா அல்ல என்று நான் எப்போது மாற்றிக்கொண்டேன் என்பதே எனக்குத் தெரியவில்லை. அவர் தவறான காரணத்தைச் சொல்லிச் சரியான பெயரைக் கேட்டிருக்கலாம். நான் சரியான காரணத்தைச் சொல்லித் தவறான பெயரைக் கொடுத்திருக்கலாம்.

பெயர் மாறினால் என்ன என்று கேட்க முடியாது. செத்த விலங்கின் உடலில் வளரும் இந்த ஈக்களின் புழுக்களை வைத்துத்தான் அது இறந்த நேரத்தைக் கணிக்கிறோம். ஒன்றன் புழு வளர எடுக்கும் காலத்தை மற்றதன் அட்டவணையில் வைத்துக் கணக்கிட்டால், விலங்கு இறந்த நேரம் பிசகிவிடும். அதே சமயம், ஒவ்வொரு படத்துக்கும் 'லூசிலியா, இனம் சொல்ல இயலாது' என்று பதில் அனுப்பிக்கொண்டிருந்தால் களத்திலிருப்பவர்கள் படம் அனுப்புவதையே நிறுத்திவிடுவார்கள், அதையும் கண்டிருக்கிறேன். எனவே ஒரு பெயரைச் சொன்னது முழுக்கத் தவறென்று ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை.

பதிவேட்டைத் திருத்தச் சொல்லி நான் இதுவரை அவரிடம் கேட்கவில்லை. கேட்டால் குப்ரினாவாகத்தான் இருக்கும் என்று சொல்லிவிடுவேனோ என்று பயம். சென்ற வாரம் அவரிடமிருந்து இன்னொரு படம் வந்தது. வெறும் கல்லின்மேல் உட்கார்ந்திருந்த ஈ. அருகில் இலை எதுவும் இல்லை. முன்னங்கால் தொடை பளிச்சென்று பச்சை. குப்ரினா என்று உடனே எழுதி அனுப்பினேன். தலையின் பின்புறம் அந்தப் படத்திலும் தெரியவில்லை.