பேனா நிப்பில் ஆரம்பிக்கும் படம்

நேற்று ராத்திரி ‘கேஷ் ஆன் டிமாண்ட்’ பார்த்தேன். 1961, பிரிட்டனின் ஹேமர் பட நிறுவனம் குறைந்த செலவில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம்.

கிறிஸ்துமஸ் நெருங்கும் நேரம், சின்ன ஊர் வங்கி. மேனேஜராக வரும் பீட்டர் குஷிங், பேனா நிப்பு சுத்தமாக இல்லை என்று வங்கி குமாஸ்தா பியர்சனைக் கடிந்துகொள்கிறார்.

அப்புறம் இன்சூரன்ஸ் ஆள் என்று சொல்லிக்கொண்டு ஆந்த்ரே மோரெல் வருகிறார். உன் மனைவியும் மகனும் எங்கள் பிடியில் என்று மிரட்டி, 93,000 பவுண்டை அந்த மேனேஜர் கையாலேயே எடுக்க வைக்கிறார், கார் துரத்தல் கிடையாது, ஏறக்குறைய முழுக்கதையும் அந்த வங்கிக்குள்ளேயே.

குஷிங்கின் வியர்த்த முகமே போதும்.

நிப்புக்காகத் திட்டு வாங்கிய அதே பியர்சனிடம் அவர் கெஞ்சும்போது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. செட்டுக்குக் காசில்லாத படத்தில் நடிகரை நம்பித்தானே ஆக வேண்டும்!

ஹேமர் என்றால் டிராகுலா மட்டும்தான் என்று நினைப்பவர்கள் அவசியம் பாருங்கள்.