ராத்திரி 2 மணி பிளான்

அன்லிமிடெட் என்று விற்கிற இணைப்பில் மாதம் 3300 ஜிபி என்று ஒரு வரம்பு ஒளிந்திருக்கிறதே, இது ஏமாற்று வேலைதானே என்று நண்பர் ஒருவர் கேட்டார். 30 எம்பிபிஎஸ் லைனில் ராப்பகலாக இழுத்தாலும் அதைத் தீர்க்கப் பத்து நாள் ஆகும், எந்த வீட்டில் அப்படி இழுக்கிறார்கள்? சொல்லை நீட்டி விற்கிறார்கள்தான், ஆனால் என் கோபம் அதன்மேல் இல்லை, எந்நேரமானாலும் எம்பிக்கு இவ்வளவு என்று காசு வாங்குகிற மீட்டர் முறைமேல்தான்.

2005-இல் பிஎஸ்என்எல்லின் பிராட்பேண்டான டேட்டாஒன் வந்த புதிதில் 250 ரூபாய் திட்டத்துக்கு 256 கேபிபிஎஸ் வேகம், மாதத்துக்கு 400 எம்பி. முழு வேகத்தில் இறக்கினால் மூன்றரை மணி நேரத்தில் மாதக் கோட்டா காலி, அப்புறம் எம்பிக்கு இவ்வளவு என்று மீட்டர் ஓடும். பிரவுசரில் படங்களை நிறுத்திவிட்டு எழுத்தை மட்டும் படித்தவர்கள் உண்டு. 500 ரூபாய் திட்டத்தில் மட்டும் ஒரு சலுகை, இரவு 2 முதல் காலை 8 வரை எவ்வளவு இறக்கினாலும் கணக்கில் சேராது. ஆறு மணி நேரத்துக்கு 675 எம்பி வரும், ஏறக்குறைய ஒரு சிடி. அலாரம் வைத்து எழுந்து டவுன்லோடைத் தட்டிவிட்டுப் படுத்தவர்களில் நானும் ஒருவன் (சொன்ன நேரத்தில் தானே டவுன்லோடைத் தொடங்கும் ஷெட்யூலர் என்று ஒன்று இருப்பது தெரிந்தவர்கள் நிம்மதியாகத் தூங்கினார்கள்).

இப்போது யோசித்தால் அந்த ராத்திரிச் சலுகைதான் செலவோடு ஒத்துப்போன விலை என்று தோன்றுகிறது. கரண்டுக்கு யூனிட் கணக்கு சரி, பெரும்பாலான யூனிட்டுகளுக்கு எங்கோ நிலக்கரி எரிகிறது. இணையத்தில் செலவெல்லாம் பள்ளம் தோண்டி ஃபைபர் போடுவதிலும் கருவிகளிலும்தான், போட்ட லைன் சும்மா கிடந்தாலும் நிரம்பி ஓடினாலும் கம்பெனிக்குப் பெரிய வித்தியாசமில்லை. ஒரு ஜிபான் போர்ட்டின் (ஒரே ஃபைபரைப் பல வீடுகளுக்குப் பிரித்துத் தரும் கம்பெனிக் கருவியின் ஒரு முனை) சுமார் 2.5 ஜிபிபிஎஸ்ஸை 32 அல்லது 64 வீடுகள் பங்கு போட்டுக்கொள்கின்றன. 64 வீட்டிலும் 100 எம்பிபிஎஸ் பிளான் இருந்து எல்லாரும் ஒரே நொடியில் முழு வேகத்தில் இழுத்தால் கொள்ளாது. அப்படி நடப்பதில்லை, அதனால்தான் இந்த விலைக்குக் கிடைக்கிறது. நெரிசல் வருவது இரவு எட்டு, ஒன்பது மணிக்கு, அந்த நேரத்துக்காகத்தான் கம்பெனி லைனைப் பெருக்க வேண்டியிருக்கிறது. அப்படியிருக்க விடிகாலை நாலு மணிக்கு இறக்கிய எம்பிக்கும் அதே கட்டணம் வாங்குவதில் என்ன நியாயம்?

எவ்வளவு இழுத்தாலும் மாதம் ஒரே தொகை என்கிற மொத்தக் கட்டணத்துக்கும் கோளாறு உண்டு. அமெரிக்காவில் போன் லைன் வழியே இணையம் தந்த ஏஓஎல் 1996 டிசம்பரில் மணிக்கணக்கை விட்டு மாதம் 19.95 டாலர் என்று மாறியதும் ஜனங்கள் உள்ளே போனால் வெளியே வரவில்லை, மற்றவர்களுக்கு பிஸி டோன்தான் கேட்டது, கடைசியில் பணத்தைத் திருப்பித்தர வேண்டியதாயிற்று. ஆனாலும் பழைய முறைக்குப் போகவில்லை. குறைவாகப் பயன்படுத்துகிறவர்கள்கூட, மீட்டரில் மலிவாக முடியும் என்றாலும், மொத்தக் கட்டணத்தையே விரும்புகிறார்கள் என்று தொலைத்தொடர்பு வரலாற்றை ஆராய்ந்த ஆண்ட்ரூ ஒட்லிஸ்கோ நிறையவே எழுதியிருக்கிறார். எனக்கு இதில் ஆச்சரியமில்லை, ஒவ்வொரு வீடியோவையும் திறக்கும்முன் கணக்குப் பார்ப்பதும் ஒரு செலவுதானே.

'வாட்ஸ்அப் மட்டும் பார்க்கிற தாத்தா எதற்கு மாடி வீட்டுப் பையனின் கேமுக்குப் பணம் கட்டணும்' என்பார்கள். கட்ட வேண்டாம். தாத்தா 30 எம்பிபிஎஸ் எடுக்கட்டும், பையன் 300 எடுக்கட்டும், மீட்டர் இப்போது வேகத்துக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. எனக்கு ஒரு குறைதான், பகலில் 30, நள்ளிரவுக்கு மேல் 200 என்று யாராவது ஒரு பிளான் போட்டால் நாளைக்கே மாறிவிடுவேன்.